ஓலை மடியாது, காகிதம் மடியும்

காய்ந்த பனை ஓலை ஒன்றை எடுத்துக் குறுக்கே மடித்துப் பாருங்கள். அதே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சில முறை மடித்தால் ஓலை முறிந்து, நார் நாராகப் பிரியும். இப்போது நோட்டுப் புத்தகத்தின் தாள் ஒன்றை அதேபோல் மடித்து விரியுங்கள். கோடு விழுமே தவிர, தாள் அவ்வளவு எளிதில் அறுந்துவிடாது.

காரணம் என்ன? எதை மடித்தாலும் மடிப்பின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. ஓலையின் நரம்புகள் ஒரே திசையில் நீளவாக்கில் ஓடுகின்றன. காய்ந்து விறைத்த நரம்புகள் இந்த இழுப்பைத் தாங்குவதில்லை. காகிதமோ நுண்ணிய செல்லுலோஸ் இழைகள் பின்னிக் கிடக்கும் மெல்லிய படலம். சில இழைகள் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்கின்றன.

இதனால்தான் நம் முன்னோர் ஓலையை மடிக்கவில்லை. துளையிட்டு, கயிற்றில் கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். அதுவே சுவடி. காகிதம் வந்தபோது புத்தகத்தின் உடலே மாறியது.

ஓலையும் தாளும் சந்தித்த ஊர்

அந்த மாற்றத்தை நேரில் கண்ட ஊர்களில் ஒன்று, மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி. டேனியர்கள் 1620இல் கோட்டை கட்டிய இடம் அது. ஜெர்மானியப் பாதிரியாரான சீகன்பால்கு 1706இல் அங்கு வந்து தமிழ் கற்றார். ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் எழுதினார்.

1712இல் ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. தமிழ் அச்சேறியது இது முதன்முறையன்று. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஆனால் தரங்கம்பாடியில் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஹாலே எழுத்துகள் பெரியவை. காகிதத்தை மிகுதியாக விழுங்கின. காகிதமோ கப்பலில் வரவேண்டிய பொருள். ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1715இல் அச்சாகி முடிந்தது.

அச்சுப் புத்தகம் மடிப்பினால் ஆனது. பெரிய தாளை ஒரு முறை மடித்தால் 4 பக்கங்கள், இரு முறை மடித்தால் 8, மூன்று முறை மடித்தால் 16. மடிப்பின் முதுகில் தைத்து, ஓரங்களை வெட்டினால் புத்தகம் தயார்.

தாளே இயந்திரமாகிறது

மடிக்கவும் வெட்டவும் முடிகிற பொருளை அசையவும் வைக்கலாம் அல்லவா? ஜெர்மானிய வானியலறிஞர் பேட்டர் அப்பியன் 1540இல் வெளியிட்ட நூலில் காகித வட்டுகளை அடுக்கிப் பொருத்தினார். அவற்றைச் சுழற்றிக் கோள்களின் நிலையைக் கணிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லோதர் மெகன்டார்ஃபர் என்ற ஓவியர், பக்கத்தினுள் காகித நெம்புகோல்களை ஒளித்து வைத்தார். ஒரு நாடாவை இழுத்தால் படத்திலுள்ளவரின் கையும் தலையும் சேர்ந்து அசையும்.

திறந்தவுடன் படம் எழுந்து நிற்கும் புத்தகத்தின் கணக்கை நீங்களே சோதிக்கலாம்.

20 செ.மீ. அகலமுள்ள தடித்த தாளை நடுவில் மடியுங்கள். இப்போது அகலம் 10 செ.மீ. மடிப்பிலிருந்து உள்நோக்கி, 3 செ.மீ. இடைவெளியில், 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டுகள் வெட்டுங்கள். இடையிலுள்ள பட்டையை முன்னும் பின்னும் மடித்து, தாளைத் திறந்து, பட்டையை உட்பக்கமாகத் தள்ளுங்கள். ஒரு பெட்டி எழுந்து நிற்கும்!

அதைப் பக்கவாட்டில் பாருங்கள். இரு பக்கங்களிலும் 4 செ.மீ., பட்டையின் இரு பாதிகளும் 4 செ.மீ.; நான்கு பக்கமும் சமமான சாய்சதுரம். தாளைச் செங்கோணத்தில் திறந்தால் அது சதுரம். மூடினால் தட்டையாகப் படுத்துவிடும். அப்போது பட்டையின் நுனி முதுகிலிருந்து 8 செ.மீ. தூரத்தில், தாளுக்குள் மறைந்திருக்கும். 6 செ.மீ. வெட்டியிருந்தால்? நுனி 12 செ.மீ. வரை போய், மூடிய தாளுக்கு வெளியே 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டு, பக்க அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதே விதி.

அலையைச் சொன்ன மடிப்பு

இன்னொரு மடிப்பு, விசிறி மடிப்பு. மேலும் கீழுமாக மாறி மாறி மடித்துச் செல்வது. இதற்கு நம் காலத்தின் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது தரங்கம்பாடியை நமக்கு மீண்டும் நினைவூட்டுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று. அந்தப் பேரழிவை வங்காளத்துப் படச்சுருள் ஓவியர்களான மொய்னா சித்ரகாரும் ஜாய்தேப் சித்ரகாரும் தம் மரபில் வரைந்தார்கள். படச்சுருளைக் கட்டம் கட்டமாக விரித்து, விரலால் சுட்டிப் பாட்டாகக் கதை சொல்வது அவர்கள் வழக்கம். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் அதை 2009இல் ‘சுனாமி’ என்ற புத்தகமாக்கியது. படங்கள் கையாலேயே திரை அச்சில் அச்சிடப்பட்டன. புத்தகம் விசிறி மடிப்பில் அமைந்தது.

ஏன் அந்த மடிப்பு? தைத்த புத்தகம் ஒரு சமயத்தில் இரண்டு பக்கங்களையே காட்டும். திருப்பியவுடன் முந்தைய பக்கம் மறைந்துவிடும். விசிறி மடிப்பிலோ எல்லாம் ஒரே பார்வையில் நிற்கின்றன. மூடினால் கைக்குள் அடங்கும். விரித்தால் மீண்டும் படச்சுருள். மறக்கக் கூடாத துயரத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது?

புத்தகத்தின் வடிவமும் பேசுகிறது. உங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் எந்த மடிப்பில் சொல்வீர்கள்? ஒரு தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு இன்றே தொடங்குங்கள்.