சோபா வாசல்ல நிக்குது, உள்ளே போகல: பணம் திரும்ப வருமா?



போன சாரல் சீசன்ல ஒரு மதியம், தென்காசியில இருக்கிற சித்தி போன் பண்ணாங்க. "ஏய்யா, சோபா வந்திருக்கு. உள்ளே போகமாட்டேங்கு. என்ன செய்ய?"

சித்தி வீடு பழைய வளவு வீடு. முடுக்குக்குள்ள நடந்து, ரெண்டு படி ஏறினா தலைவாசல். நிலையோட உள் அகலம் 30 அங்குலம். சோபாவோட ஆழம் 36, உயரம் 34. சாய்ச்சுப் பார்த்தாச்சு, நிமிர்த்திப் பார்த்தாச்சு. விலை 42,000 ரூபாய், முழுசும் கட்டியாச்சு. டெலிவரிக்கு வந்த பசங்க, "அம்மா, கையெழுத்து போட்டீங்கன்னா கிளம்பிருவோம், மீதியைக் கடையில பேசிக்கோங்க"ன்னு நிக்கிறாங்க. வெளியில தூறல் வேற.

நான் ரெண்டே விஷயம்தான் சொன்னேன். கையெழுத்து போடாதீங்க. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காதீங்க. ஏன் அப்படிச் சொன்னேன், இந்த மாதிரி நேரத்துல உங்க உரிமை என்ன, எது உங்க உரிமை இல்லை, எல்லாத்தையும் இந்தப் பதிவுல பார்த்துடலாம்.

முதல்ல கசப்பான உண்மை

"வாசல்ல நுழையலைன்னா பணம் வாபஸ்"னு நம்ம சட்டத்துல ஒரு வரி கூட இல்லை. இங்கிலாந்துலயும் ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயும், ஆன்லைன்ல வாங்கின பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். நம்ம ஊர்ல அப்படி ஒரு பொதுவான உரிமை கிடையாது. நல்ல பொருள், சொன்ன அளவு, சொன்ன தேதி. இது மூணும் சரியா இருந்தா, "வீட்டு வாசலை அளக்க வேண்டியது நீங்க"ன்னு கடைக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு.

அதனால இந்த மாதிரி பிரச்சினை எல்லாமே கடைசியில ஒரே கேள்வியில வந்து நிக்கும்: பணம் கட்டறதுக்கு முன்னாடி, அளவைப் பத்தி யார் என்ன சொன்னாங்க? அதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?

மூணு சூழ்நிலை, மூணு பதில்

1. சொன்ன அளவு ஒண்ணு, வந்த அளவு ஒண்ணு. பில்லுலயோ வெப்சைட்லயோ ஆழம் 29 அங்குலம்னு போட்டிருக்கு, வந்ததை அளந்தா 36. இதுல உங்க கை ஓங்கியிருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, விற்பவர் சொன்னதுக்குக் குறைவா இருக்கிறதும் 'குறைபாடு'தான். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுத்தாலோ, பில்லுல போட்ட காலத்துக்குள்ள பணத்தைத் தர மறுத்தாலோ அது 'நியாயமற்ற வணிக நடைமுறை'. பில்லுல காலம் எதுவும் போடலைன்னா 30 நாள். ஆன்லைன்னா, 2020-ம் வருஷத்து மின் வணிக விதிகளும் இதையே சொல்லுது: விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது.

2. கடைக்காரர் "போகும்"னு சொன்னார். இல்லைன்னா அவரோட ஆளே வீட்டுக்கு வந்து அளந்துட்டுப் போனார். இதுவும் உங்க பக்கம்தான், ஆனா ஆதாரம் வேணும். பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16-ஐச் சாதாரணத் தமிழ்ல சொன்னா: "இந்தத் தேவைக்காக வாங்குறேன்"னு விற்பவர்கிட்ட தெரிவிச்சு, அவரோட அனுபவத்தை நம்பி வாங்கினா, பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தணும். வாசல் அளவைக் கொடுத்து "போகுமா?"ன்னு கேட்டு, அவர் "போகும்"னு சொன்னதை வச்சு வாங்கியிருந்தா இந்தப் பிரிவை வச்சு வாதாடலாம். அவங்க ஆள் தப்பா அளந்திருந்தா, அது சேவைக் குறைபாடு.

3. நீங்க அளக்கலை, அவரும் கேக்கலை. பொருள் சரியான அளவுலதான் வந்திருக்கு. இங்க சட்டம் உங்களுக்குப் பெருசா கை கொடுக்காது. கடையோட ரிட்டர்ன் பாலிசி என்ன சொல்லுதோ அதுதான். பாலிசியும் இல்லைன்னா பேச்சுவார்த்தை மட்டும்தான் வழி. போக வர வண்டிக் கூலியை ஏத்துக்கிட்டு வேற மாடல் கேளுங்க. சண்டை போடுறதை விட இதுல சீக்கிரம் காரியம் நடக்கும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு பில்லு அடியில அச்சடிச்சிருக்கே, அப்போ? மூணாவது சூழ்நிலையில அது உங்களுக்கு எதிரா நிக்கும். முதல் ரெண்டுல, அந்த ஒரு வரியைக் காட்டி உங்க சட்ட உரிமையைத் தட்டிக் கழிக்க முடியாது.

வாசல்ல நிக்கிற அந்த ஒரு மணி நேரம்

பொருள் விற்பனைச் சட்டத்துல 41, 42, 43 மூணு பிரிவும் இங்க முக்கியம். பொருளைப் பரிசோதிக்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கிற வரை, நீங்க அதை 'ஏற்றுக்கொண்டதா' ஆகாது. ஆனா சொந்தப் பொருள் மாதிரி பயன்படுத்த ஆரம்பிச்சாலோ, எதுவுமே சொல்லாம ரொம்ப நாள் வச்சிருந்தாலோ ஏற்றுக்கொண்டதா ஆயிடும். நிராகரிச்சா, நீங்க வண்டி பிடிச்சுத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. "ஏற்கவில்லை"ன்னு தெரிவிச்சாலே போதும்.

அதனால செய்ய வேண்டியது:

– டெலிவரி சலான்ல வெறும் கையெழுத்து போடாதீங்க. "வாசல் வழியே உள்ளே செல்லவில்லை, ஏற்கவில்லை"ன்னு எழுதி, தேதி, நேரம் போட்டு, அதுக்குக் கீழ கையெழுத்து போடுங்க. அதை போட்டோ எடுத்துக்கோங்க.

– டேப்பை வச்சு நிலையோட அகலம், பொருளோட அகலம், ஆழம், உயரம் எல்லாம் தெரியுற மாதிரி போட்டோ, ஒரு சின்ன வீடியோ.

– கவரைப் பிரிக்காதீங்க, காலை மாட்டாதீங்க, உக்காந்து பார்க்காதீங்க.

– வண்டி போயிடுச்சு, பொருள் உங்க திண்ணையில நிக்குதுன்னா, தார்ப்பாய் போட்டு மூடுங்க. நிராகரிச்ச பொருளா இருந்தாலும் உங்க கையில இருக்கிற வரை நியாயமான கவனம் எடுக்கணும். சாரல்ல நனைஞ்சு பார்ட்டிகிள் போர்டு உப்பிடுச்சுன்னா, அப்புறம் பேச்சே அதைப் பத்தித்தான் இருக்கும்.

– "நிலையைக் கழட்டிட்டு ஏத்திடலாம்", "மாடி வழியா கயிறு கட்டி இழுத்துடலாம்"னு சொன்னா, செலவு யாருது, பொருளோ சுவரோ அடிபட்டா யார் பொறுப்புன்னு முதல்ல எழுத்துல வாங்குங்க. (சித்திகிட்ட இந்த யோசனையைச் சொன்னதும், "தலைவாசல் நிலையில கை வைக்கவே கூடாது"ன்னு அங்கேயே முடிச்சுட்டாங்க.)

அன்னிக்கே கடைக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்க, வாட்ஸ்அப்போ மெயிலோ:

"பில் எண் ..., தேதி ... . இன்று கொண்டுவந்த சோபா எங்கள் வாசல் (30 அங்குலம்) வழியே உள்ளே செல்லவில்லை. வாங்கும் முன் வாசல் அளவு தெரிவித்தபோது செல்லும் என்று உறுதி கூறினீர்கள். எனவே பொருளை ஏற்கவில்லை. பிரிக்காமல் பத்திரமாக வைத்துள்ளோம். 7 நாட்களுக்குள் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவும்."

உங்க விஷயத்துல நடந்ததை மட்டும் எழுதுங்க. நடக்காத உறுதிமொழியைச் சேர்க்காதீங்க, அது உங்களுக்கே ஆபத்து.

ஆடிட்டரா நான் சொல்ல வேண்டியது

"ஜிஎஸ்டி கட்டியாச்சு, அந்தப் பணம் மட்டும் வராது"ன்னு சில கடைகள்ல சொல்வாங்க. இது சரியில்லை. மர சோபாவுக்கு 18% வரி. 42,000 ரூபாய்ல பொருளோட மதிப்பு 35,593, வரி 6,407. பொருள் திரும்பி வந்தா, ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34-ன்படி கடைக்காரர் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைக் குறைச்சுக்கலாம். அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30, இல்லைன்னா அவரோட ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் தேதி, ரெண்டுல எது முன்னாடியோ அதுவரை டைம் இருக்கு. வரிப் பணத்தை உங்களுக்குத் தராம தான் மட்டும் குறைச்சுக்க அவருக்கு வழியில்லை. அதனால முழு 42,000-ஐயும் கேளுங்க.

இஎம்ஐல வாங்கியிருந்தா இன்னொரு எச்சரிக்கை. கடையோட தகராறு வேற, கடன் வேற. கோபத்துல இஎம்ஐயை நிறுத்தினா அடி வாங்குறது உங்க கிரெடிட் ஸ்கோர். கடன் கொடுத்த கம்பெனிக்கும் அன்னிக்கே மெயில் போடுங்க. கடனை ரத்து பண்ணின கடிதம் கைக்கு வர்ற வரை தவணையைக் கட்டிட்டே வாங்க.

குற்றாலத்துல காட்டேஜ் நடத்துறவங்களுக்கு

சீசனுக்கு முன்னாடி, மே மாசத்துல கட்டில், சோபா மொத்தமா வாங்குறவங்க இதைக் கவனிங்க. வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் இந்தச் சட்டப்படி 'நுகர்வோர்' இல்லை. சுயதொழில் மூலமா, பிழைப்புக்காக மட்டுமே வாங்கினவங்களுக்கு விலக்கு உண்டு. குடும்பமா ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவங்க அந்த விலக்கைக் கேக்கலாம். இருபது ரூம் லாட்ஜ், கம்பெனி பேர்ல பில், அந்த பில்லுக்கு இன்புட் கிரெடிட்டும் எடுத்தாச்சுன்னா, நுகர்வோர் ஆணையத்துல நிக்கிறது கஷ்டம். உங்களுக்குப் பொருள் விற்பனைச் சட்டமும் சிவில் கோர்ட்டும்தான். அதனால ஆர்டர் ஃபார்ம்லயே "அறைக் கதவு அகலம் இத்தனை அங்குலம், மாடிப்படித் திருப்பம் இத்தனை அங்குலம், இதில் நுழையும் பொருளே ஏற்கப்படும்"னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க.

கடைக்காரர் மசியலைன்னா

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்லயும் பேசலாம். ஆன்லைன் வணிகம்னா அதுக்கும் முன்னாடி அந்தத் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துல புகாரைப் பெற்றதா ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும்னு விதி இருக்கு.

அதுலயும் முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் அங்கதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்டுல இருந்தே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை நடந்த நாள்ல இருந்து 2 வருஷம் வரை டைம். 2019 சட்டத்துல வந்த பெரிய வசதி, நீங்க குடியிருக்கிற ஊர் எந்த ஆணையத்துக்குள்ள வருதோ அங்கேயே புகார் கொடுக்கலாம். சென்னையில வாங்கினதுக்கு சென்னைக்கு அலைய வேண்டாம். ஆனா சீக்கிரம் முடியும்னு நினைச்சுடாதீங்க. சோபா விவகாரத்துல பேசி முடிக்க ஒரு நல்ல வழி கிடைச்சா அதை எடுத்துக்கிறதுதான் லாபம்.

அஞ்சு நிமிஷம் அளந்தா அலைச்சல் இல்லை

நிலையோட உள் அகலத்தை, கதவு முழுசாத் திறந்திருக்கும்போது அளங்க. கதவுப் பலகையோட கனம் ஒன்றரை அங்குலத்தைச் சாப்பிட்டுடும். வாசல் மட்டும் போதாது: முடுக்கு, நடைத் திருப்பம், மாடிப்படித் திருப்பம் எல்லாம் அளங்க. பொருளோட அளவு வேற, பேக்கிங் அளவு வேற, ரெண்டையும் கேளுங்க. பீரோன்னா இன்னொரு கணக்கு: 78 அங்குல உயரம், 19 அங்குல ஆழம் இருக்கிற பீரோவைப் படுக்க வச்சுக் கொண்டுபோய் உள்ளே நிமிர்த்தணும்னா, மூலைவிட்டத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல உயரம் வேணும். மச்சு உத்தரம் தாழ்வா இருக்கிற பழைய வீட்டுல, வாசல் தாண்டின பீரோ ரூமுக்குள்ள நிமிராம படுத்தே கிடக்கும். கழட்டி மாட்டுற மாடலா வாங்கினா பாதி கவலை போச்சு.

சித்தி கதை என்னாச்சு? கடைக்கார அண்ணாச்சி முதல்ல பில்லு அடியில இருந்த வரியைத்தான் காட்டினார். அப்புறம் சித்தியோட போனைத் தேடிப் பார்த்தோம். வாங்குறதுக்கு நாலு நாள் முன்னாடி வாசல் போட்டோவை அனுப்பி, "30 இஞ்சு இருக்கு, இதுல போகுமா?"ன்னு கேட்டிருக்காங்க. சேல்ஸ் பையன் "தாராளமா போகும்க்கா"ன்னு பதில் போட்டிருக்கான். அந்த ஒரு மெசேஜைக் காட்டினதும் பேச்சு மாறிடுச்சு. மூணாம் நாள் சோபாவை எடுத்துட்டுப் போய், கழட்டி மாட்டுற மாடல் ஒண்ணைக் கொடுத்து, மீதி 5,000 ரூபாயை அக்கவுண்ட்ல போட்டாங்க.

அந்த மெசேஜ் மட்டும் இல்லைன்னா சித்தி மூணாவது சூழ்நிலையில போய் நின்னிருப்பாங்க. அடுத்த தடவை ஃபர்னிச்சர் வாங்கப் போறதுக்கு முன்னாடி, வாசலை அளந்து ஒரு போட்டோ எடுத்து, கடைக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்க.