இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இலக்கத்தில் எழுதினால் 293318625600. நண்பர்களுக்கு நான் அறிமுகம் செய்ய விரும்பும் எண் இதுவே.

தாம்பரம் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் கூறு கட்டி விற்கும் என் தாயாருக்குக் 'காரணி' என்ற சொல் தெரியாது, பொருள் தெரியும். பத்துப் பழமென்றால் இரண்டிரண்டாகவோ ஐந்தைந்தாகவோதான் கூறு வைக்க முடியும். பன்னிரண்டு என்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று பலவிதமாக வைக்கலாம். 12க்கு ஒன்றும் பன்னிரண்டும் சேர்த்து ஆறு காரணிகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகள் உடைய எண்ணை 'மிகு பகு எண்' எனலாம். 60ம் அத்தகையதே. அதற்குப் பன்னிரண்டு காரணிகள், 100க்கு ஒன்பதுதான். மணிக்கு அறுபது நிமிடம் வைத்தவர்கள் ஏமாளிகள் அல்லர்!

இவ்வெண்களைப் பற்றி இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரை 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அதில் 240940299600க்கு (4800 காரணிகள்) அடுத்து நிற்பது 321253732800 (5376 காரணிகள்). இவ்விரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய நம் எண் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

அதைப் பிரித்துப் பார்ப்போம்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு காரணியை உருவாக்க 2ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. மற்ற நான்குக்கும் இவ்விரண்டு. 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். 1 முதல் 28 வரை 23ஐத் தவிர எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும்.

அந்த 23இல்தான் சுவை இருக்கிறது. 321253732800இலிருந்து 23ஐ நீக்கி, அதற்குப் பதிலாக ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் சேர்த்தால், அதாவது 21ஐ வைத்தால், நம் எண் கிடைக்கும். மாறாக, நம் எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்து விடுகிறது. காரணிகளும் இரட்டித்து 10080 ஆகின்றன. விடுபட்ட எண் கடைசி எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே இராமானுஜன் வரலாற்றில் என் கண்ணில் முதலில் படுவது அவர் எஃப்.ஏ. தேறாததுதான். கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று; சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்த பிறகும் தேறவில்லை. அவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது இக்கட்டுரைக்காகத்தான். கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பகுதி, 1997இல்தான் வெளிவந்தது.

நம் எண்ணை 23ஆல் வகுத்தால் மீதி 17. நெடிய வகுத்தல் வேண்டாம். 2⁶ என்பது 64, அதில் 23ஐ இரு முறை கழித்தால் 18 என்று தொடங்கி, ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதியை மட்டும் வைத்துக் கொண்டு போனால் போதும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குவதற்குள் எனக்கு முடிந்தது.