தட்டினால் போகும் பணம், கேட்டால் வருமா?

பஸ் கூட்டத்தில் ஏறும்போது பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றுவது நம் பழைய வழக்கம். இப்போது புதிதாக ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது: பக்கத்தில் நிற்பவன் கார்டு மெஷினை நம் பாக்கெட்டில் உரசினால் போதும், பணம் போய்விடும் என்று. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டிப் பணம் கட்டும் கார்டில் ஓட்டை இருக்கும் இடம் வேறு.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. சிப்போடு இணைந்த ஒரு மெல்லிய கம்பிச் சுருள் பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கிறது. மெஷினிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுருளில் பட்டால்தான் சிப்புக்கு மின்சாரம் கிடைக்கும். அதற்குக் கார்டு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நெருக்கத்தில் இருக்க வேண்டும். விழித்துக்கொண்ட சிப், கட்ட வேண்டிய தொகையையும் மெஷின் அனுப்பும் ஓர் எண்ணையும் சேர்த்து, தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் ஒரு குறியீட்டை உண்டாக்குகிறது. அது அந்த ஒரு பில்லுக்கு மட்டும்தான் செல்லும். அதை ஒட்டுக்கேட்டு அடுத்த கடையில் பயன்படுத்த முடியாது. பின்பக்கத்துக் கறுப்புப் பட்டை அப்படியல்ல. எத்தனை முறை தேய்த்தாலும் ஒரே தகவலைத்தான் தரும். ஒருமுறை நகலெடுத்துவிட்டால் போதும். தேய்ப்பதைவிடத் தட்டுவது பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பஸ் திருடனுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. கார்டு மெஷின் வேண்டுமென்றால் அவன் வியாபாரியாகப் பதிவு செய்து, ஆவணங்கள் கொடுத்து, பணம் போய்ச் சேர ஒரு வங்கிக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். பிக்பாக்கெட் அடிப்பவன் தன் விலாசத்தை எழுதிவைத்துவிட்டுப் போவது மாதிரி. பர்ஸில் இரண்டு கார்டுகள் ஒட்டி இருந்தால் மெஷின் குழம்பி நின்றுவிடுவதும் சகஜம். சில கார்டுகளிலிருந்து கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் செல்போனாலேயே படிக்க முடியும் என்பது உண்மை. பின்னால் அச்சிட்ட மூன்று இலக்க எண்ணைப் படிக்க முடியாது. உள்நாட்டு இணையக் கடைகள் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் சில கேட்காது. அதனால் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைப்பது நல்லது.

பெட்ரோல் பங்க்கில் கவனித்திருப்பீர்கள். காருக்குள் உட்கார்ந்தபடி கார்டை நீட்டுவோம். பையன் அதை வாங்கிக்கொண்டு மெஷின் இருக்கும் மேசைக்குப் போவான், "சார், பின் நம்பர்?" என்று அங்கிருந்தே கேட்பான், நாமும் உரக்கச் சொல்வோம். தட்டும் முறையின் பெரிய லாபம் இந்த நாடகம் ஒழிவதுதான். கார்டு உங்கள் கையைவிட்டுப் போக வேண்டியதில்லை. மெஷினை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், திரையில் தொகையைப் படியுங்கள், பிறகு தட்டுங்கள். 480 ரூபாய்க்கு 4,800 என்று கைதவறி அழுத்தியிருந்தாலும் மெஷின் பின் நம்பர் கேட்காது. அந்த ஒரு விநாடிப் பார்வைதான் காவல்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். பின் நம்பர் இல்லாமல் தட்டக்கூடிய தொகை முன்பு 2,000 ரூபாயாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1 முதல் அதை 5,000 ஆக்கியது. பலர் கவனிக்காத விஷயம், இது ஒரு தடவை தட்டுவதற்கான வரம்பு. ஒரு நாளைக்கானது அல்ல. காலையில் கார்டைத் தவறவிட்டு மதியம்தான் தெரிந்துகொள்கிறீர்கள் என்றால், இடையில் எடுத்தவன் மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், செருப்புக்கடை என்று தட்டிக்கொண்டே போகலாம். எங்கேயாவது நிறுத்துவது வங்கியோ நீங்களோ வைத்த தினசரி வரம்புதான்.

அந்த வரம்பை வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினில் செருகியும் பயன்படுத்தும் வசதியோடு மட்டுமே வர வேண்டும். தட்டும் வசதி, இணையம், வெளிநாடு ஆகியவற்றை நீங்கள் கேட்டால்தான் திறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் 24 மணி நேரமும் வழி இருக்க வேண்டும். வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். கேட்காமலே திறந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், மூடிவிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால் காய்கறி, மளிகை, பெட்ரோலுக்கு எவ்வளவு போதுமோ அந்த அளவுக்கு வரம்பைக் குறையுங்கள். கடைக்காரர் தட்டித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. சிறிய தொகைக்கும் செருகி, பின் நம்பர் போட்டுக் கட்டுவது உங்கள் விருப்பம் என்று ரிசர்வ் வங்கி 2015-லேயே சொல்லிவிட்டது.

பணம் போய்விட்டால்? 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைதான் இதில் நம் கையிலுள்ள ஆயுதம். தவறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்த நாளிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் கிடையாது. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்கென்றால் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் இல்லாமல் தட்டியதில் எதுவும் 5,000-ஐத் தாண்டாதே! நான்காம் நாள் போய் நின்றால் தட்டிய தொகை முழுவதும் உங்கள் தலையில் விழலாம். பெரிய மோசடிக்காக வைத்த உச்சவரம்பு சின்னத் தட்டலுக்கு உதவுவதில்லை. அதனால்தான் அந்த மூன்று நாட்களை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எஸ்எம்எஸ் வருகிற எண் பழைய எண்ணாக இருந்தால் இந்தக் கணக்கே குழம்பிப்போகும். எண்ணை மாற்றியவர்கள் முதலில் கிளைக்குப் போய் அதைச் சரிசெய்யட்டும்.

இன்னொரு நுணுக்கம். பின் நம்பர் போட்டு எடுத்த பணம் என்றால், "நீங்கள்தான் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள்" என்று கவுண்டரில் சொல்லிவிடுவார்கள். பின்னே கேட்காத பரிவர்த்தனையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் கடிதத்தில் இந்த வரியைத் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள் கையாலேயே தட்டவைக்கும் மோசடியும் வந்துவிட்டது. செக் குடியரசில் நடந்ததை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஆகஸ்டில் விவரித்தது. கட்டிய வரிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு குறுஞ்செய்தி, போலி வங்கிச் செயலி, பிறகு "கார்டைப் போனின் முதுகில் வையுங்கள், பின்னை அழுத்துங்கள்". அந்தப் போன் கார்டின் அலையை அப்படியே இன்னொரு போனுக்குக் கடத்த, அங்கே ஒருவன் ஏடிஎம்மில் பணம் எடுத்தான். யாராவது போனில் கூப்பிட்டுக் கார்டைச் செல்போனோடு ஒட்டிவைக்கச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் தட்டும் சிங்கார சென்னை அட்டை வேறு ரகம். பணம் அட்டைக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். அதைத் தொலைப்பது கைப்பணத்தைத் தொலைப்பது மாதிரிதான், அதிகம் ஏற்றிவைக்காதீர்கள்.

கார்டு தொலைந்தது என்றால் தேடுவதற்கு முன்பே செயலியில் பிளாக் செய்யுங்கள். கிடைத்தால் புதுக் கார்டு வாங்கும் அலைச்சல்தானே. பிறகு வங்கியின் உதவி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். புகார் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் எதுவானாலும் வங்கியைச் சேர்ந்தது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் அழையுங்கள். புகார் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும்; 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வங்கி புகாரை நிராகரித்தாலோ, 30 நாட்களாகியும் பதிலே இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சந்தேகங்களுக்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணை அழைக்கலாம்.

மோசடியே இல்லாமல் ஒரு தொல்லை உண்டு: கணக்கில் பணம் கழிந்துவிடும், கடை மெஷினோ "தோல்வி" என்று காட்டும். கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். பணத்தை மறுபடி கட்டினால் ரசீதையும், தோல்வி என்று வந்த சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் விதிப்படி, பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதை நீங்கள் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.