ஏணியில் ஏறும் குழந்தைகள்

ஆந்திரக் கிராமங்களில் உருவாகி, கர்நாடகத்தில் வளர்ந்தது செயல்வழிக் கல்வி. அட்டைகளை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிடலாம். ஆசிரியரின் ஈடுபாட்டை?

நான்கு குழந்தைகள் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டுகிறார்கள். சுவரின் அடிப்பகுதியில் தீட்டிய கரும்பலகையில் இரண்டு பேர் எழுதிப் பழகுகிறார்கள். தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு தோழியிடம் போய் உட்காருகிறாள் ஒரு சிறுமி. தலைக்கு மேல் கட்டிய கயிறுகளில் அவர்கள் வரைந்த படங்கள் ஆடுகின்றன. ஆசிரியையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்திருக்கிறார்.

கர்நாடக அரசுப் பள்ளிகளின் ‘நலி-கலி’ வகுப்பு இப்படித்தான் நடக்கும். மகிழ்ந்து கற்றுக்கொள் என்று பொருள்.

பார்க்கச் சந்தை போலிருந்தாலும் உள்ளே கறாரான ஒழுங்கு உண்டு. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அதில் ஒரு படக்குறி. சுவரில் தொங்கும் ‘கற்றல் ஏணி’யிலும் அதே குறி இருப்பதால், எழுத்தறியாத குழந்தைகூடத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என்று படிகள் போகும். தேறினால் அடுத்த படி. தடுமாறினால் கூடுதல் பயிற்சி.

இதன் அருமை, பள்ளிக்குத் தொடர்ந்து வர முடியாத குழந்தைக்குத்தான் தெரியும். அறுவடை, ஆடு மேய்ப்பு, காய்ச்சல் என்று மூன்று வாரம் கழித்து வந்தால், வழக்கமான வகுப்பில் கழித்தல் முடிந்து பெருக்கல் ஓடிக்கொண்டிருக்கும். புரியாமல் சில நாள் உட்கார்ந்திருக்கும் குழந்தை, பிறகு வராமலே நின்றுவிடும். ஏணி வகுப்பிலோ விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

யோசனை பிறந்த இடம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய இக்கல்விக்கூடம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறு பள்ளிகளையும் நடத்துகிறது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புக் குழந்தைகள். இத்தனை பேருக்கும் ஒருவரே எப்படிப் பாடம் நடத்துவது? பத்மநாப ராவ்-ராமா தம்பதியினர் கண்ட விடைதான் ஏணியும் அட்டைகளும். ‘பெட்டிக்குள் பள்ளி’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

1995-இல் மைசூர் மாவட்டத்தின் எச்.டி. கோட்டை தாலுகா ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். காடும் பழங்குடிக் குடியிருப்புகளும் நிறைந்த தாலுகா அது. யுனிசெஃப் உதவியோடு, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற கன்னட அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கும் வேர் ரிஷி வேலிதான். 2007-08-இல் அது தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. 2009-இல் நலி-கலி கர்நாடகம் முழுவதுக்கும் விரிந்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. தாலுகா அளவில் ஆசிரியர்கள் விரும்பிச் செய்தது, மாநில அளவில் மேலிடத்து உத்தரவாக வந்தது. அச்சிட்ட அட்டைகள் வந்தன. அவற்றை ஏன் அப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று யோசித்த அனுபவம் கூடவே வரவில்லை. பெற்றோருக்கோ வேறு சந்தேகம்: நோட்டில் எழுத்தில்லை, வீட்டுப்பாடம் இல்லை, விளையாடிக்கொண்டிருந்தால் படிப்பு எப்படி வரும்? கொட்டைகளை எண்ணும் குழந்தை கூட்டலைத்தான் படிக்கிறது என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியவரும் ஆசிரியர்தான்.

தமிழகம் 2012-இல் இம்முறையை எளிமைப்படுத்தியது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. மத்திய அரசோ 2023 பிப்ரவரியில், 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக ‘ஜாதூயி பிடாரா’ என்ற மாயப்பெட்டியை வெளியிட்டது. பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள், அட்டைகள் என்று இதுவும் ஒரு பெட்டிதான்.

பெட்டி நல்லதே. ஆனால் குழந்தைகள் கையாளும் அட்டை கிழியும், தொலையும். ஓர் அட்டை போனால் ஏணியில் ஒரு படி போகிறது. அட்டையைத் தானே செய்து பழகிய ஆசிரியர் மாலையில் இன்னொன்று எழுதிக்கொள்வார். பெற்றுக்கொண்டதோடு சரி என்றிருப்பவர் அடுத்த சப்ளைக்காகக் காத்திருப்பார். அதுவரை குழந்தையும் அதே படியில் காத்திருக்க வேண்டும்.