மலைச்சாலை ஏன் வளைந்து செல்கிறது?

அவனியாபுரத்தில் கண்மாய்க் கரைமீது மிதிவண்டியை நேராகத் தள்ளி ஏற்றிப் பாருங்கள்; மூச்சு வாங்கும். அதே கரையில் சாய்வாக, சற்றுச் சுற்றித் தள்ளுங்கள், எளிதாக ஏறிவிடும். கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டி ஏறியதும் இந்தத் தத்துவத்தால்தான்.

கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. முற்காலத்தில் அங்கே செல்வோர் ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தை அடைவார்கள். அதன்பின் சுமார் 18 கி.மீ. செங்குத்தான மலைப்பாதை. வசதியுள்ளோர் குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோ சென்றனர்.

1870-களில் மேஜர் லா என்பவர் வத்தலக்குண்டுப் பக்கமாக வேறொரு வழியை வகுத்தார். அவ்வழியில் மோட்டார் செல்லத்தக்க சாலை 1914-இல் முடிந்தது. அடிவாரத்தில் 'காட்ரோடு' பிரிவிலிருந்து மேலே சேர ஏறக்குறைய 48 கி.மீ. செல்ல வேண்டும். 18 எங்கே, 48 எங்கே! இது வீண் சுற்றா?

கணக்கிடுவோம். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். பழைய பாதையில் 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஏற்றம். புதிய சாலையில் 27 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். உராய்வை விட்டுவிட்டால், 1,000 கிலோ எடையுள்ள காரைப் பழைய பாதையில் ஏற்ற 100 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். புதிய சாலையில் 37 கிலோ போதும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. தூரம் கூடுகிறது, விசை குறைகிறது. இதுவே சாய்தளத்தின் தத்துவம்.

அக்காலக் கார்களுக்கு இது இன்றியமையாதது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரின் திறன் 20 குதிரைத்திறன்தான். அதில் பெட்ரோல் தன் எடையால் வழிந்தே எஞ்சினுக்குச் செல்லும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் காரைப் பின்னோக்கி ஓட்டித்தான் ஏற்றினார்கள்!

நீண்ட சாலைக்கு மலையில் இடமேது? அதனால்தான் சாலை ஓரிடத்தில் திரும்பி, வந்த திசையிலேயே மேலே செல்கிறது. இதுவே கொண்டை ஊசி வளைவு.

ஆனால் மலைச்சரிவை வெட்டினால் அதன் பிடிப்பு குறையும். மழைநீர் ஊறினால் மண் கனத்து, தளர்ந்து சரியும். ஆகவேதான் சாலையோரம் வடிகாலும், சாலைக்கடியில் சிறு பாலங்களும் அமைக்கிறார்கள். அடுத்த முறை கொடைக்கானல் செல்லும்போது, பேருந்தின் சன்னல் வழியாக ஒரு பிளாஸ்டிக் பையை எறியுமுன் எண்ணிப் பாருங்கள்: அது வடிகாலை அடைத்தால், தண்ணீர் எங்கே போகும்?