உடலுழைப்பும் புற்றுநோயும்: திருவனந்தபுரம் தரும் சான்று

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம், ஆர்.சி.சி. என்ற மூன்றெழுத்துப் பெயராலேயே தென்கேரளத்திலும் அதை ஒட்டிய கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அறியப்படுகிறது. அங்கு வருவோரின் நோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாகக் காண முடியும். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதாலும் பீடி, சிகரெட் புகைப்பதாலும் வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் ஒரு பிரிவு. வாழ்க்கை வசதி பெருகப் பெருகத் தாமும் பெருகிவரும் மார்பகம், பெருங்குடல், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய்கள் மற்றொரு பிரிவு. தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையுமா என்று கேட்பவரிடம், எந்தப் புற்றுநோய் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பிரிவைப் பொறுத்தவரை குறையும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. முதற் பிரிவில் புகையிலையை விடுவதற்கு ஈடாக உடற்பயிற்சி செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அச்சான்றுகளில் ஒன்று திருவனந்தபுரத்திலேயே திரட்டப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. ஆர்.சி.சி.யைச் சேர்ந்த அலேயம்மா மேத்யூவும் சென்னை ஆய்வாளர் கஜலட்சுமியும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிவியலாளர்களோடு சேர்ந்து, தென்னிந்தியாவின் நகரப் பெண்களையும் கிராமப் பெண்களையும் உள்ளடக்கிய ஓர் ஆய்வை நடத்தினர். மார்பகப் புற்றுநோய் கண்ட 1866 பெண்களையும் அந்நோய் இல்லாத 1873 பெண்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. வேலைக்குச் செல்லுதல், வீட்டு வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரப் பயிற்சி என்று உடலுழைப்பைப் பல கூறுகளாகப் பிரித்துக் கேட்டபோது, வீட்டு வேலையில் மிகுதியாக உழைத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்தது தெரியவந்தது.

மேலைநாட்டு ஆய்வுகளில் உடலுழைப்பு என்றால் பெரும்பாலும் ஓட்டம், நீச்சல், சைக்கிள், ஜிம் என்று கடிகாரம் பார்த்துச் செய்யும் ஓய்வுநேரப் பயிற்சியையே குறிக்கும். தென்னிந்தியாவில் நடுத்தர வயதுப் பெண்களிடம் அந்தப் பட்டியலை நீட்டினால் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே நிற்கும். அவர்களுடைய தசைகள் வேலை செய்தது வேறு இடங்களில்: கப்பியில் கயிறு போட்டுக் கிணற்றிலிருந்து நீர் இறைத்தல், கல்லில் அடித்துத் துணி துவைத்தல், குனிந்து முற்றம் பெருக்குதல், அம்மியில் தேங்காயும் மிளகாயும் வைத்துத் தோள் முழுவதும் அசைய அரைத்தல், ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவாட்டுதல். மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டார் பம்பும் வாஷிங் மெஷினும் இவ்வேலைகளை ஒரு தலைமுறைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டன. எடுத்துக்கொண்டது நன்மையே என்பதில் ஐயமில்லை. இந்த ஆய்வைக் காட்டி, பெண்கள் மீண்டும் அம்மிக்குத் திரும்பினால் நோய் வராது என்று உபதேசம் செய்ய முன்வருவோர் இருக்கக்கூடும். அவர்கள் முதலில் தாமே ஒரு மாதம் மாவாட்டிப் பார்ப்பது நல்லது. ஆய்வு காட்டுவது, தசை எந்தப் பெயரில் உழைத்தாலும் உடல் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதையே.

ஆயினும் இத்தகைய ஆய்வின் வலிமையோடு அதன் வரம்பையும் அறிந்துகொள்ள வேண்டும். நோயுற்றவரையும் நோயற்றவரையும் எதிரெதிரே வைத்து, கடந்தகாலப் பழக்கங்களைக் கேட்டு ஒப்பிடும் முறை நினைவை நம்பியது. நோய் வந்தவர், ஏன் வந்தது என்று பலமுறை யோசித்திருப்பாராதலால், மற்றவரைவிட வேறுவிதமாக நினைவுகூரக்கூடும். மேலும், வீட்டு வேலையில் அதிகம் உழைக்கும் பெண் பெரும்பாலும் இளவயதிலேயே குழந்தை பெற்றவராகவும், நெடுநாள் தாய்ப்பால் கொடுத்தவராகவும், உடல் எடை குறைந்தவராகவும் இருப்பார். இவை ஒவ்வொன்றுமே மார்பகப் புற்றுநோய் வாய்ப்போடு தொடர்புடையவை. இவ்வாறு ஒரு காரணத்தின் நிழலில் இன்னொரு காரணம் ஒளிந்துகொள்வதைப் புள்ளியியலார் குழப்பக் காரணி என்பர். கணக்கீட்டின் வழியாக அதைப் பெருமளவு நீக்கலாம். முழுவதும் நீங்கியது என்று எவரும் உறுதி கூறுவதில்லை.

ஆகவே ஒரே ஊரின் ஒரே ஆய்வை நம்பாமல், பல நாடுகளில் நலமாக உள்ளோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளையும் சேர்த்து நோக்க வேண்டும். அவற்றுள் பெரியது 2016இல் வெளியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 12 தொடர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை அது ஆராய்ந்தது. எடுத்துக்கொண்ட 26 வகைப் புற்றுநோய்களில், ஓய்வுநேர உடலுழைப்பு மிக்கவர்களிடம் 13 வகைகள் குறைந்து காணப்பட்டன. மிகக் குறைவாக உழைத்தவர்களோடு ஒப்பிட, மிகுதியாக உழைத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 16 விழுக்காடும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 10 விழுக்காடும் குறைவு. கேரளப் பெண்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படும் தைராய்டு புற்றுநோய் அந்தப் பதின்மூன்றில் இல்லை.

இந்தப் பேராய்வின் இரண்டு முடிவுகள், எண்களை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கின்றன. உடலுழைப்பு மிக்கவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்து தெரிந்தது. ஆனால் ஒருபோதும் புகைபிடிக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஓடுபவர்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை என்பதே அங்கு மறைந்திருந்த செய்தி. மறுபக்கம், மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய் உடற்பயிற்சி செய்பவர்களிடம் அதிகமாக இருந்தது. வெள்ளைத் தோலர்கள் வெயிலில் அரைக்கால் சட்டையோடு ஓடியதன் விளைவேயன்றி, ஓட்டத்தின் குற்றம் அது எனக் கொள்வதற்கில்லை.

உடலுழைப்பு எப்படிப் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதற்கு இன்று தெளிவான விளக்கங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது இன்சுலின் தொடர்பானது. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்தும் இந்த ஹார்மோன், உயிரணுக்களைப் பெருகுமாறு தூண்டும் இயல்பும் உடையது. தொப்பை பெருத்து, தசைகள் இன்சுலினின் கட்டளையைச் சரிவர ஏற்காத நிலை வரும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் எந்நேரமும் இன்சுலின் மிகுந்திருந்தால், பெருங்குடலின் உட்சுவரைப் போல இடைவிடாது புதுப்பிக்கப்படும் திசுக்களுக்கு அது ஓயாத வளர்ச்சித் தூண்டலாகிவிடும். பிறழ்ந்த உயிரணு ஒன்று இருந்தால் அதற்கும் அத்தூண்டல் கிடைக்கும். தசை சுருங்கி விரியும்போதோ, இன்சுலினின் உதவியின்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது உள்ளிழுத்துக்கொள்ள முடியும். அந்த விளைவு நடந்து முடித்த பின்னரும் பல மணி நேரம் நீடிக்கும். நீரிழிவு மலிந்த கேரளத்தில் இந்த விளக்கத்துக்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்களாக இருந்தனர்.

இரண்டாவது விளக்கம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைப் பற்றியது. மாதவிடாய் நிற்கும்வரை அதைச் சுரப்பவை பெரும்பாலும் சினைப்பைகள். நின்ற பின்னர் அப்பணியைக் கொழுப்புத் திசு ஏற்கிறது. அதிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எனவே ஐம்பது வயதைக் கடந்த பெண்ணின் உடலில் கொழுப்பு மிகுந்தால் ஈஸ்ட்ரோஜனும் மிகும்; மார்பகத்திலும் கருப்பை உட்சுவரிலும் உயிரணுக்கள் பெருகுவதற்கு அது துணைபோகும். உடலுழைப்பு கொழுப்பைக் கரைத்து இச்சங்கிலியின் முதற் கண்ணியைத் தளர்த்துகிறது. இவற்றோடு, மெல்லெரிச்சலாக நீடிக்கும் உள்அழற்சி தணிவதும், நோயெதிர்ப்பு அணுக்கள் இரத்தத்தில் சுறுசுறுப்பாகச் சுற்றுவதும் பேசப்படுகின்றன. சக்கரத்தில் ஓடவிடப்பட்ட எலிகளின் கட்டிகளுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் அதிகம் புகுந்ததை 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினர். எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு எந்த அளவு பொருந்தும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

எவ்வளவு உழைத்தால் போதும் என்பதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உழைப்பு. மிதமானது என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த அளவுகோலைக் கொண்டு நேப்பியர் அருங்காட்சியக வளாகத்திலும் கவடியார் சாலையிலும் காலைநடை செல்வோரைப் பார்த்தால், அரசியல் பேசியவாறு அசைந்து செல்லும் குழுக்களில் பலருக்கு ஒரு கீர்த்தனையே பாடி முடிக்க மூச்சு மிஞ்சியிருக்கும். நடை முடிந்ததும் சாயாவும் பழம்பொரியும் காத்திருந்தால் செலவான சக்தி அங்கேயே ஈடுசெய்யப்படும். இருப்பினும் உட்கார்ந்திருப்பதைவிட அந்த மெதுநடையும் மேலானதே. பிரிட்டனில் தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத 22,000க்கும் மேற்பட்டோரின் மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. படியேறுதல், பேருந்தைப் பிடிக்க விரைதல் போன்று மூச்சிரைக்கும் சிறு முயற்சிகள் நாளொன்றுக்கு மொத்தம் நான்கரை நிமிடங்கள் சேர்ந்தவர்களிடம்கூட, உடலுழைப்போடு தொடர்புடைய புற்றுநோய்கள் சுமார் 30 விழுக்காடு குறைந்து காணப்பட்டன. மேடும் பள்ளமுமான திருவனந்தபுரத்தில் இவ்வகை மூச்சிரைப்புக்குச் சாலைகளே வழிசெய்து வைத்திருக்கின்றன. ஆனால் படியேற முடியாத அளவுக்கு ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களே குறைவாக அசைந்திருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு இத்தகைய ஆய்வுகள் என்றும் உட்பட்டவை.

பயனின் உண்மையான பருமனையும் சொல்லியாக வேண்டும். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2020 மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்களில் 29 பேருக்கு ஒருவர் 74 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடும். ஆயிரம் பேரில் ஏறத்தாழ 34 பேர். பத்து விழுக்காடு குறைவு என்பது அந்த 34ஐ 31 ஆக்கும். மார்பகப் புற்றுநோய் விகிதம் நாட்டிலேயே உயர்ந்த இடங்களில் ஒன்றான திருவனந்தபுரம் மாவட்டத்தில் இவ்வேறுபாடு சற்றுப் பெரிதாகும். தனி ஒருத்திக்குச் சிறிய ஆதாயமாகத் தெரிவது ஒரு மாநிலத்துக்குப் பெரிய ஆதாயம். ஆனால் நாள்தோறும் நடந்தவருக்கும் நோய் வரலாம். வந்தால் அவர் ஏதோ தவறிவிட்டார் என்று உற்றார் துருவித் துருவிக் கேட்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நடைப்பயிற்சி செய்கிறேன் என்பதற்காக மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு தவறானது.

சொல்வது எளிது, மக்களை அசைய வைப்பது கடினம் என்பதற்கும் இம்மாவட்டமே சாட்சி. நீரிழிவைத் தடுக்கும் நோக்கில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து 1007 பேரைத் தேர்ந்து நடத்தப்பட்ட திட்டத்தில், அயலாரே தலைமையேற்ற குழுக்கள் உணவையும் உழைப்பையும் சீர்செய்ய முயன்றன. இரண்டு ஆண்டு முடிவில், குழுக்களில் இருந்தோரில் 14.9 விழுக்காட்டினருக்கும் இல்லாதோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. தற்செயலால் நேர்ந்ததல்ல என்று உறுதியாகச் சொல்ல அந்த இடைவெளி போதவில்லை. நேரமின்மையும் ஒரு காரணமாகலாம். 2024இல் வெளியான உலக மதிப்பீடு ஒன்றின்படி, போதிய உடலுழைப்பு இல்லாதோர் இந்தியப் பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42 விழுக்காடு. சமையலறையும் அலுவலகமும் விடியற்பொழுதைப் பங்கிட்டுக்கொண்ட பெண்ணிடம் நடைபோகச் சொல்வதற்கு முன், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டார் விடை சொல்ல வேண்டும்.

நோய் வந்து சிகிச்சை முடிந்தவர்களுக்கான சான்று, வருமுன் காப்பதற்கான சான்றைவிட இன்று உறுதியாக நிற்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மூன்றாண்டுகள் முறையான உடற்பயிற்சி வழிகாட்டலும், மற்றதற்கு நலவாழ்வுக் கையேடுகளும் கொடுத்தனர். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த அச்சோதனையின் முடிவு 2025 ஜூன் மாதம் வெளியானது. எட்டாண்டு முடிவில் பயிற்சிக் கூறில் 90.3 விழுக்காட்டினரும் கையேட்டுக் கூறில் 83.2 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். குலுக்கல் முறை குழப்பக் காரணிகளை இரு பக்கமும் சமமாகப் பரப்பிவிடுவதால் இவ்வேறுபாட்டைப் பயிற்சியின் பயனாகவே கொள்ளலாம். பயிற்சி என்பது பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நான்கு முறை முக்கால் மணி நேர வேகநடைக்கு நிகரான கூடுதல் உழைப்புதான். செலவு பிடித்தது, முதல் ஓராண்டு இரு வாரத்துக்கொரு முறையும் பின்னர் மாதந்தோறும் நோயாளியைச் சந்தித்து ஊக்கிய பயிற்சியாளரின் உழைப்பு. நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பேருந்தேறி ஆர்.சி.சி.க்கு வந்து திரும்பும் நோயாளிகளை மூன்றாண்டுகள் அவ்வாறு பின்தொடர்வது எளிதன்று. எனினும் தொடக்க மாதங்களுக்குப் பிறகு பல சந்திப்புகளைத் தொலைவிலிருந்தே நடத்த அச்சோதனையில் இடம் தரப்பட்டிருந்தது. தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த ஓர் இயன்முறைப் பயிற்சியாளரும் ஒரு தொலைபேசியும் இருந்தால், அதே ஏற்பாட்டை இந்த வட்டாரத்திலும் தொடங்கிப் பார்க்க முடியும்.