கொக்கியும் வண்டியும்

மரக்காணத்து உப்பு சென்னைக்குச் சென்ற வழிகள் பல. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணமே. வெள்ளையர் காலத்தில் உப்பும் விறகும் அக்கால்வாயில் படகேறின. அதற்கு மிக முன்னர், உமணர் மாட்டுவண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாடு சென்றனர். அவர்கள் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சினைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக ஆள்கிறார். வழியில் மேடும் பள்ளமும் எப்படியிருக்குமென்று யார் அறிவார் என்பதே அவர்களது கவலை. இன்று டிராக்டரும் லாரியும் அவ்வேலையைச் செய்கின்றன. ஆனால் அந்தக் கவலை மட்டும் தீரவில்லை. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே அது விவாதமாயிற்று.

என் தாய்மாமன் கழுவெளி ஓரத்தில் சில ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். அவரிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. அதன் பின்னால் இரு சக்கர டிரெய்லர் ஒன்றை மாட்டி, உப்பு மூட்டைகளையும் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினையும் ஏற்றிச் செல்ல அவர் ஆசைப்பட்டார். "பம்பரில் ஒரு கொக்கியை வெல்டிங் செய்து தருகிறேன், அரைநாள் வேலை" என்றார் ஒரு பட்டறைக்காரர். வண்டியைச் செய்த கம்பெனியின் முறைப்படி கொக்கி பொருத்தினால் செலவு பல மடங்கு. "கொக்கி கொக்கிதானேடா, நீ பௌதிகம் படிக்கிறவன், சொல்லேன்" என்றார் மாமா. அவருக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

கம்பெனிக் கொக்கி, கடைக் கொக்கி என்ற வேறுபாடு வெளியே தெரியும் இரும்பில் இல்லை. அந்த இரும்பு எதனோடு பிணைந்துள்ளது என்பதில்தான் இருக்கிறது.

ஜீப்பின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவில் 1940இல் முதல் ஜீப்பின் மாதிரியைச் செய்தளித்தது பாண்டம் என்னும் சிறு கம்பெனி. ஆனால் போர்க்கால உற்பத்தியின் பெரும் பங்கு வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளுக்கும் போயிற்று. பாண்டம் கம்பெனிக்குக் கிடைத்தது ஜீப்பின் பின்னே செல்லும் கால் டன் டிரெய்லர் செய்யும் வேலை. (பிள்ளையைப் பெற்றவளுக்கு வளர்க்கும் பேறு வாய்க்கவில்லை!) அந்த டிரெய்லரில் ஏற்றக்கூடிய சுமை 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோ. அதை இழுப்பதற்காக ஜீப்பின் பின்புறக் குறுக்குச் சட்டத்தில் ஆங்கில 'கே' எழுத்துப் போன்ற ஓர் இரும்புத் தாங்கலை அமைத்திருந்தார்கள். கொக்கியில் விழும் இழுப்பு பம்பரில் தங்காமல், அத்தாங்கலின் வழியே இருபுறமும் செல்லும் நீண்ட அடிச்சட்டங்களுக்குப் பிரிந்துவிடும். 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் ஒன்றுசேர்த்து விற்கத் தொடங்கிய ஜீப்புகள் இந்த வில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பம்பரின் கதை வேறு. சிறு மோதலைத் தாங்குவதற்கும் தோற்றத்துக்குமென அமைந்த தகடு அது. அதில் கொக்கியை ஒட்டினால், கொக்கி எவ்வளவு கனமானதாயினும் பயனில்லை. சுவரில் அடித்த ஆணி உறுதியாயிருந்தும் சுண்ணாம்பு உதிர்வதைப் போன்றதுதான். எங்கள் பக்கத்து அளத்தில் ஒரு வண்டிக்கு இதுவே நடந்தது. வரப்புப் பாதையில் ஏறும்போது கொக்கி பம்பரோடு பிய்ந்து, சுமையேற்றிய டிரெய்லர் பின்னோக்கி உருண்டது. பின்னால் நடந்து வந்த பெண்மணி பாத்திக்குள் குதித்ததால் உயிர் பிழைத்தார். முழங்காலளவு உப்புநீரில் விழுந்தவர் எழுந்து வந்து சிரித்தாராம். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

சரி, அடிச்சட்டத்திலேயே போல்ட் போட்டுப் பொருத்தும் நல்ல கடைக் கொக்கி எப்படி? அதனைக் குறை சொல்ல மாட்டேன். அளவறிந்து செய்ததாயின் அது பல்லாண்டு உழைக்கும். ஆனால் அடிச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடலாகாது. வளைவின் விசை முழுவதும் அவ்விளிம்புகளில்தான் ஓடுகிறது. துளை அவசியமானால் நடுப்பட்டையில் இடவேண்டும். வெல்டிங்கோ இன்னும் நுட்பமானது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும். உட்புறத்தில் வர்ணம் கருகும். அங்கே துரு புகுவது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பெரிய கொக்கி பூட்டியதனால் வண்டியின் இழுக்கும் தகுதி ஓர் அணுவும் கூடாது. ஜீப்பின் இன்றைய வாரிசான ராங்ளர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2021 முதல் நம் நாட்டிலேயே, பூனா அருகிலுள்ள ரஞ்சன்காவில், அது ஒன்றுசேர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் அதனை வாங்குவோர் விரும்பினால் இழுவைச் சாதனத் தொகுதியையும் கம்பெனியிலேயே சேர்த்து வாங்கலாம். கொக்கி செருகும் சதுரக் குழாய், டிரெய்லர் விளக்குகளுக்கான மின்கம்பி இணைப்பு, கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஆகியவை அதில் அடங்கும். எனினும் இரு கதவு வண்டிக்கு 2,000 பவுண்டும், நான்கு கதவு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 3,500 பவுண்டுமே அனுமதி. அதாவது 907 கிலோவும் 1,588 கிலோவும். முன்னதில் முன் பின் அச்சுகளின் இடைவெளி சுமார் 246 சென்டிமீட்டர்; பின்னதில் சுமார் 301. குட்டையான வண்டியை டிரெய்லர் எளிதில் அசைத்துவிடும். அளவை முடிவு செய்வது கொக்கி மட்டுமன்று என்பது இதிலிருந்தே விளங்கும்.

இதன் கணக்கு நம் நெம்புகோல் பாடந்தான். மாமா ஏற்ற எண்ணியது ஐம்பது கிலோ மூட்டைகள் பத்து. டிரெய்லரின் எடை 250 கிலோ. ஆக மொத்தம் 750. அதில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். இல்லையேல் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். மூட்டைகளைப் பின்பக்கம் குவிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த 75 கிலோ, பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் அப்பால் தொங்குகிறது என்று கொள்வோம். பழைய ஜீப்பின் அச்சிடைவெளி 203 சென்டிமீட்டர். கணக்கிட்டால் பின் அச்சில் சுமார் 105 கிலோ ஏறுகிறது. முன் அச்சில் 30 கிலோ இறங்குகிறது. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதில் பெரும்பங்கு ஆற்றுவதும் முன் சக்கரங்களே அல்லவா? போதாக்குறைக்கு, தனக்கென பிரேக் இல்லாத டிரெய்லர் நிறுத்தும்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் அத்தள்ளலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு மொத்த எடை 750 கிலோ என்பதே உச்ச வரம்பு.

நிற்க. இவையெல்லாம் எவ்வூருக்கும் பொருந்துவன. நம் உப்பளக் கரைக்கென்று தனிப் பகை ஒன்றுண்டு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே கசிந்து நீராகும். உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் குளோரைடு உள்ளது. அதற்கோ 33 விழுக்காடே போதும். ஆகவே அளத்துச் சேறு வண்டியின் அடியில் ஒட்டினால் பகலிலும் உலர்வதில்லை. உலராத உப்புச் சேறு போல்ட் மரைகளையும் வெல்டிங் தையலையும் அரித்துக்கொண்டேயிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் அளங்கள் நீரில் மூழ்கின. அந்நீரில் நின்ற வண்டிகளின் கொக்கிகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது. கணீரென்று ஒலிக்காமல் சொத்தென்று ஒலிப்பவை உண்டு.

சேற்றில் புதைந்த வண்டியை மீட்க, டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டி வெடுக்கென இழுக்கும் வழக்கம் மிகக் கொடியது. நிதானமான இழுப்புக்கென அமைந்த அவ்வுருண்டை, திடீர் உலுக்கலில் முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பாயும். ஆஸ்திரேலியாவில் இதனால் மாண்டவர்கள் உண்டு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். பட்டறையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தேன். 'கே' தாங்கல் இருந்தது. அதன் நடுவே, உப்புச் சேற்றால் அடைபட்டு, சதுரமாக நான்கு துளைகள்! பழைய உடைமைக்காரர் யாரோ கொக்கியைக் கழற்றி விற்றிருக்கிறார். மாமாவின் முகம் மலர்ந்தது. பிறகு சுமைக் கணக்கைச் சொன்னேன்.

"நாலு மூட்டைக்கா ஒரு டிரெய்லர்?" என்று கேட்டவர் அன்று முழுவதும் என்னுடன் பேசவில்லை.

வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து, அதே வகைக் கொக்கி ஒன்றை வாங்கி அந்நான்கு துளைகளிலேயே பூட்டினோம். டீசல் இன்ஜின் இப்போது அதில் போய்வருகிறது. உப்பு மூட்டைகள் வாடகை டிராக்டரிலேயே செல்கின்றன. மாலைதோறும் கொக்கியையும் அடிச்சட்டத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று நான் சொன்னதில் அத்தைக்குத்தான் கோபம். எங்கள் பகுதியில் நல்ல தண்ணீர்க் குடம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறார். இப்போதைக்கு அரைக் குடம் அனுமதி கிடைத்திருக்கிறது.